மெசியே சிமோனின் படப்பெட்டி

12.11.2014, புதன்
விடியமுதலே மழை. சப்பாத்துக்குள்ளை தண்ணி.

ஒஃபிசுக்கு ஒரு பெட்டி நிறையப் படத்தோட மெசியே சிமோன் எண்ட கிழவர் வந்தார். யூதக் குடும்பங்கள் தாற பழைய படங்களை ஸ்கேன் பண்ணி இன்டர்நெட்டில போடுறதுதான் என்ர வேலை. பேரப்பிள்ளையள் தேடினால் கிடைக்கவேணும். இவருக்கோ பிள்ளையே இல்லை. சின்னனில, யூதரைப் பிடிச்ச யுத்த காலத்தில, தாய் தகப்பனைப் பிரெஞ்சுப் பொலிஸ் கொண்டுபோகேக்கை இவர் பக்கத்து வீட்டில. அவை திரும்பி வரேல்லை.

படத்தில இருக்கிறவையின்ர பேரை அவர் சொல்ல, நான் படத்துக்குப் பின்னால பென்சிலால எழுதினன்.
"ஆருக்காக மெசியே?" வாய்தவறிக் கேட்டிட்டன்.
"தெரியாது. ஆராவது இருக்கலாம்."

19.11, புதன்
குளிர். தடிமன்.
இண்டைக்குக் கலியாணப் படம் ஒண்டு. ஓரத்தில பூனையைத் தூக்கிக்கொண்டு ஒரு சின்னப் பெட்டைப்பிள்ளை. கண்ணாடியைக் கழட்டி, போட்டு, திரும்பக் கழட்டிப் பாத்தார்.
"நான் பிறக்கமுன்னம் எடுத்தது. இவ ஆரெண்டு தெரியேல்லை."
போகேக்கை என்ர கையைப் பிடிச்சவர். ஒராள் என்ர கையைப் பிடிச்சுக் கனகாலம்.

26.11, புதன்
வரேல்லை. மெசியே சிமோன்ர போன் ஆரும் எடுக்காமல் அடிச்சுக்கொண்டே கிடந்தது.

29.11, சனி
மெசியே சிமோன் வீட்டில விழுந்து ஆஸ்பத்திரியிலயாம். பழம் வாங்கிக்கொண்டு போனன். நேர்ஸ்: "சொந்தமோ?" இல்லையெண்டன். எண்டாலும் உள்ளுக்கு விட்டா.
மெதுவாக் கேட்டார், "ஆரும் தேடி வந்தவையோ?"
"இன்னும் இல்லை."
"மிச்சப் படத்தைப் பேரில்லாமல் அப்பிடியே போடுங்கோ. முகமாவது இருக்கட்டும்."

4.12, வியாழன்
முடிஞ்சுது. அடக்கத்துக்கு ஐஞ்சாறு பேர். அவையின்ர பிரார்த்தனையில எப்ப எழும்பி நிக்கிறதெண்டே தெரியேல்லை. வந்து முழுகிப்போட்டுப் படுத்தன். சமைக்கேல்லை.

10.3.2015, செவ்வாய்
வெயில். ஆர்ஜென்டினாவில இருந்து மிரியம் எண்டு ஒரு மனிசி, முன்னறிவிப்பில்லாமல். கலியாணப் படத்தை சிமோன்ர பேரோட இன்டர்நெட்டில கண்டவவாம். படத்தில பூனை வைச்சிருந்த பிள்ளையைத் தொட்டா.
"என்ர பாட்டி. சிமோன்ர தகப்பனுக்குத் தங்கச்சி. ஒருத்தரும் மிஞ்சேல்லை எண்டு நினைச்சுக்கொண்டே செத்தவ."
அவரைப் பாக்கவேணுமெண்டா. சொன்னன். கதிரையில இருந்திட்டா.
"எங்களைத் தெரியுமோ அவருக்கு?"
"இல்லை. ஆனா கேட்டவர்."

அவர் எப்பிடிச் சிரிப்பார், என்ன குடிப்பார், எல்லாம் கேட்டா. தெரிஞ்சதைச் சொன்னன். கொஞ்சம்தான் தெரியும்.

வீட்டை திரும்பேக்கை மெட்ரோ ரயிலில, மார்க்ஸ் டோர்மோய் ஸ்டேசனுக்குக் கிட்ட. பக்கத்தில ஒரு தமிழ்ப் பிள்ளை. "தங்கச்சி, இண்டைக்கு எங்கட ஒஃபிசில..." எண்டு தொடங்கினன்.
காதில இருந்த வயரைக் கழட்டி, "என்ன அக்கா?" எண்டா.
எங்கயிருந்து சொல்லுறது? "ஒண்டுமில்லையம்மா."