ஒரே பள்ளத்துக்கு இரண்டு விளிம்பு

மார்ச் 3

நிலாவில் ஒரு பள்ளம். எந்தக் காலத்திலோ ஒரு கல் வந்து மோதி உண்டானது. அதன் உயர வரைபடத்தை அதிகாரி இரண்டாகப் பிரித்திருக்கிறார். உள்பக்கம் அந்த ஆளுக்கு, சுற்றுப்புறம் எனக்கு. அந்த ஆள் என் முன்னாள் கணவர். விவாகரத்தாகி இரண்டு வருஷம். ஒரே அறையில் ஆறு மேசை தள்ளி உட்கார்ந்தும் பேச்சுவார்த்தை கிடையாது. விளிம்பை மட்டும் இருவருமே வரைந்தாக வேண்டுமாம். வேறு ஆளே கிடைக்கவில்லையா இவர்களுக்கு?

மார்ச் 9

இரண்டு தாள்களையும் சேர்த்து வைத்தார்கள். வடக்கு விளிம்பு என்னுடையதில் அறுபது மீட்டர் தாழ்வு.

"ஒரே பள்ளத்துக்கு ரெண்டு விளிம்பா? நிலாவுல இறங்குற வண்டி அதுக்கு மேலதான் போகப்போகுது. பத்து நாள்ல சரி பண்ணுங்க. இல்லேன்னா ரெண்டு பேரும் வேற வேலை பாருங்க" என்றார் அதிகாரி.

தப்பு யாருடையது என்று எனக்குத் தெரியாதா?

மார்ச் 10

அந்த மேசைக்கு நான் போக மாட்டேன். வேண்டுமானால் வரட்டும்.

மார்ச் 13

வரவில்லை. ப்யூன் கையில் அவருடைய தாள் மட்டும் வந்தது. அழித்து வரைந்த வடக்கு விளிம்பு அப்படியே என் கோட்டோடு ஒட்டி நிற்கிறது. ஒரு கேள்வி இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு வருஷக் குடித்தனத்திலும் இதே கதைதான் — நான் கத்தினால் சரி என்பார், அவர் அம்மா கத்தினால் அதற்கும் சரி என்பார். சுவரோடு எவ்வளவு நாள் குடும்பம் நடத்துவது?

மார்ச் 16

படத்தில் விழும் நிழலின் நீளத்தை வைத்துத்தான் உயரத்தைக் கணக்கிடுகிறோம்; சும்மா ஒரு தடவை அந்த நிழல்களை மறுபடி அளந்து பார்த்தேன். ஐயோ. சூரியனின் கோணத்தை வேறொரு படத்திலிருந்து எடுத்திருக்கிறேன். தப்பு என்னுடையது. அந்த ஆள் முதலில் போட்டிருந்த உயரம்தான் சரி. சரியானதைக் கையில் வைத்துக்கொண்டு எதுக்குய்யா அழிச்சே?

மார்ச் 17

நானே போனேன்.

"உங்களுது சரின்னு தெரிஞ்சேதான் மாத்துனீங்களா?"

"உன்கூட யாரு மல்லுக்கட்டுறது?"

"வண்டி போய் மோதியிருக்குமே! அப்பவும் தலையை ஆட்டிட்டு நிப்பீங்களா? எட்டு வருஷத்துல ஒரு தடவையாவது என்கூட சண்டை போட்டிருந்தா நான் உங்களை விட்டுப் போயிருக்கவே மாட்டேன்."

அறையே நிமிர்ந்து பார்த்தது. பார்க்கட்டும். இதை நான் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. அந்த ஆள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தப்பு என்னுடையது என்று அதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 19

வடக்கு சரியாகிவிட்டது. மேற்கில் இன்னும் பன்னிரண்டு மீட்டர் இடிக்கிறது. 'உங்களுடையதை மாற்றுங்கள்' என்று சீட்டு எழுதி அனுப்பினேன். தாளைச் சுருட்டிக்கொண்டு எழுந்து வந்தார்.

"முடியாது. நீதான் மாத்தணும்."

மதியம் வரை இருவரும் கத்தினோம். அதிகாரி தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். நிழலை அளந்து காட்டினேன். மேற்கில் தப்பு அவருடையதுதான்.

"நான் ஒத்துக்க மாட்டேன். இன்னொரு தடவை அள, பாப்போம்."

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்கள் என்றேன்.