நான்கு வரி இடம்

சேசு மரி சூசை

லாயாங் லாயாங்,
14 நவம்பர் 1938

தம்பி சவரிமுத்துவுக்கு அண்ணன் ஞானப்பிரகாசம் எழுதுவது. தைப்பிங்கில் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே மழை விடவில்லை. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்குச் சளி.

அப்பாயியை அடக்கம் செய்த அன்றே நீ மாலை ரயிலைப் பிடித்துவிட்டாய். நான் இரண்டு நாள் ஜொகூர் பாருவில் தங்கி அவளுடைய பூக்கடையை ஒழித்துக் கொடுத்தேன். ஒரு கூடை வாழைநார், மலர்வளையத்துக்கு வளைத்து வைத்த பிரம்புகள், மணி தேய்ந்த செபமாலை. எண்பது வயதுக்கு அவ்வளவுதான். பீடத்துப் பூவின் வாசம் சாமிக்கு முந்தித் தனக்குச் சேரக்கூடாதென்று மூக்கை மூடிக் கட்டிக்கொள்வாளே, அந்த வெள்ளைத் துணியும் இருந்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

யஹ்யா ராவுத்தர் துக்கம் கேட்க வந்தார். "எங்க வீட்டு மூணு கல்யாணத்துக்கும் அவங்க பூதான். கோயில் பூவ முடிச்சிட்டுத்தான் உங்க மாப்பிள்ளை, அதுவரைக்கும் அவரு குதிரைமேலயே உக்காந்திருக்கட்டும்னு சொல்லிடுவாங்க" என்றார். சிரித்தேன். அதுதான் நான் கடைசியாகச் சிரித்தது.

அவர் போனபின் வெள்ளையம்மாள் வந்தாள். முப்பது வருஷம் அப்பாயியோடு உட்கார்ந்து நார் கிழித்தவள். "அய்யா, கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்க. அவங்க வரச் சொல்லி எழுதினப்பவே நீங்க வந்திருக்கக் கூடாதா?" என்றாள். எப்போது எழுதினாள் என்று கேட்டேன்.

உனக்குத் தெரியும், தம்பி. ஆனாலும் எழுதுகிறேன்.

ஏழு வயதில் உனக்கு வந்த காய்ச்சல் இறங்கினால் மூத்தவனைக் கோயிலுக்குத் தருவதாக அப்பாயி நேர்ந்துகொண்டாள். நீ பிழைத்தாய். பன்னிரண்டு வயதில் நான் பினாங்குக் குருமடத்துக்குக் கப்பலேறினேன். நான்கு வருஷம் கழித்து அவளுக்கு மனசு கேட்கவில்லையாம். சுவாமியாரிடம் போய் அழுதிருக்கிறாள். பையனுக்குப் பதிலாகச் சாகும்வரை பீடத்துக்குப் பூ கொடு என்று அவர் நேர்ச்சையை மாற்றிக் கொடுத்தாராம். அன்று மத்தியானமே உன்னைக் கூப்பிட்டு, என்னை உடனே வரச்சொல்லிக் கடிதம் எழுதச் சொன்னாளாம்.

அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. உன் குண்டு எழுத்து. மழை அதிகம், ஆடு குட்டி போட்டது, நன்றாகச் செபிக்கவும். தாளின் அடியில் நான்கு வரி எழுத இடம் இருக்கிறது.

என் பதிலையும் நீதான் அவளுக்குப் படித்துக் காட்டினாய். "அண்ணன் சாமிகிட்டயே இருந்துக்கிறேன்னு எழுதியிருக்குன்னு தம்பி படிச்சுச்சு. அன்னிக்கு அவங்க சோறு திங்கல" என்றாள் வெள்ளையம்மாள். நான் அப்படி ஒரு வரி எழுதவில்லை.

இருபது வயதில் குருமடத்தை விட்டு நானாக வெளியே வந்தேன். கடை வாசலில் போய் நின்றபோது அப்பாயி தலை நிமிராமல், "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். நேர்ச்சையை முறித்து வந்ததைக் குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். அன்று திரும்பியவன் பிறகு கிறிஸ்மஸ் தவிர அந்த வாசலை மிதிக்கவில்லை. உள்ளே, அவள் பக்கத்தில் நீ நின்றுகொண்டிருந்தாய். பூக்கூடை உன் கையில் இருந்தது.

நான் திரும்பிவிட்டால் சாமி உன் உயிரைத் திருப்பிக் கேட்பார், காய்ச்சல் மறுபடி வரும் என்று பயந்தாயா? பதினொரு வயதில் பயந்தாய், சரி. இருபதில் என்ன பயம்? முப்பதில்? அவள் பெட்டியில் கிடந்தபோதுமா?

இருபத்துநாலு வருஷம், கூப்பிட்டும் நான் வர மறுத்தேன் என்று நம்பிக்கொண்டே, எனக்கான பூவை ஒரு நாள் தவறாமல் கொடுத்திருக்கிறாள்.

அடுத்த மாதம் மூன்றாம் தேதி முப்பதாம் நாள் பூசை. பீடத்துக்கு நான் பூக் கட்டுகிறேன். வெள்ளையம்மாள் நார் கிழித்துத் தருவாள். நீ வருவதும் வராததும் உன் மனம். வந்தால் மன்னிப்புக் கேட்காதே. கொடுக்க என்னிடம் இன்னும் இல்லை.

ஒன்று மட்டும் செய். அன்று நீ எழுதாமல் விட்டதை, அவள் வாயிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே ஒரு தாளில் எழுதி அனுப்பு. என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பதையும் விடாதே. நீ மறந்திருக்க மாட்டாய்.

உன் பிள்ளைகளைக் காய்ச்சல் அண்டாமல் சர்வேசுரன் காப்பாராக.

உன் அண்ணன்,
ஞானப்பிரகாசம்