வண்டி ஓட்டியது யார், மச்சான்?

கடலூர், ஆவணி, 2011

என் பிரியமான மச்சான்,

நல்லா இருக்கியா என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் உன்னிடம் பேசி அஞ்சு வருஷம் ஆயிற்று, எங்கேயாவது ஆரம்பிக்கத்தானே வேண்டும். உன் தங்கச்சி தேவி என் பக்கத்தில்தான் இருக்கிறாள். உன் அம்மா குறிஞ்சிப்பாடியில் இருக்கிறார். நான்தான் சித்திரையிலிருந்து சனிக்கிழமை தோறும் சிதம்பரத்துக்கு ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கப் போய்க்கொண்டிருக்கிறேன்.

உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான். சிரிக்காதே. நீ போனதிலிருந்து என்னால் பைக்கில் உட்கார முடியவில்லை. பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் ரோட்டை விட்டு இறங்கி நின்றுவிடுவேன். பங்குனியில் உளுந்துச் செடியை ரோட்டிலேயே பரப்பிப் போட்டு, போகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்துக் காயை உடைக்கட்டும் என்று விடுவார்களே, அந்த மாசம் முழுக்க ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே கிடப்பேன். அதில் வழுக்கித்தானே நாம் விழுந்தோம்.

தேவிதான் விசாரித்து விலாசம் வாங்கி வந்தாள். "கடலூர்ல போனா நாலு பேரு பாப்பாங்க. இவுங்க சிதம்பரத்துல தன் வீட்டு மாடியிலயே தனியா வச்சிப் பாக்கறாங்களாம். ஒரு தடவ போய்ட்டுதான் வாங்களேன்" என்றாள்.

முதல் நாள் பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு போய் நின்றேன். "சாப்டீங்களா?" என்று கேட்டார். "இல்ல மேடம், ரத்தம் எடுப்பீங்கன்னு சாப்புடாம வந்தேன்" என்றேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இங்கே ஊசி, மாத்திரை எதுவும் கிடையாது, பேசுவதுதான் வைத்தியம் என்று சொல்லிவிட்டு, முதலில் டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்.

இதில் கூத்து என்னவென்றால், பஸ் அந்த இடத்தைத் தாண்டித்தான் போயாக வேண்டும். புதுச்சத்திரம் வந்தாலே கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். "நல்லாத் தூங்குங்க சார், சிதம்பரம் வந்தா நான் எழுப்பறேன்" என்றார் ஒரு கண்டக்டர். நல்ல மனுஷன்.

மூணு வாரம் டாக்டரம்மாவிடம் ஒரே கதையைத்தான் சொன்னேன். ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்த அதே கதை. நீ ஓட்டினாய், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன், நீ வேகமாகப் போனாய். நாலாவது வாரம் அவர் குறுக்கே பேசினார். "சார், இத சொல்லும்போதெல்லாம் உங்க வலது கை ஏன் முறுக்கிக்கிட்டே இருக்கு?"

குனிந்து பார்த்தேன். ஆக்சிலேட்டரை முறுக்குகிற மாதிரி என் கை தன்பாட்டுக்கு முறுக்கிக்கொண்டிருந்தது, மச்சான். அந்த மாடி அறையில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

உனக்குத் தெரியாததையா சொல்லப்போகிறேன்? புதுச்சத்திரத்தில் டீ குடித்துவிட்டு, "கொஞ்ச தூரம் நான் ஓட்டறேன்" என்று சாவியைப் பிடுங்கியது நான். ஓட்டியது நான். உனக்குத் தெரியாதது அதற்கப்புறம் நடந்ததுதான். ஆஸ்பத்திரியில் நான் நடந்ததைச் சொன்னதும் உன் பெரியப்பா என் காதோரம் குனிந்து, "மாப்ளைக்கு லைசென்ஸ் கெடையாது. கேஸாச்சின்னா வேலையும் போயிடும். போன புள்ள போயிட்டான், இருக்கற பொண்ணு வாழணும். அவனே ஓட்டுனான்னு சொல்லிடுங்க" என்றார். செத்தவன் மேல் கேஸ் நிக்காது என்று நம் பக்கம் எல்லோரும் செய்கிற காரியம்தானே. கழுத்தில் பட்டையோடு படுத்திருந்த நான் சரி என்று தலையாட்டினேன். அவரையும் என்னையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

ஆனால் உன் அம்மா அதை நம்பிவிட்டார், மச்சான். நீ செத்ததற்கு அவர் அழவேயில்லை, கோபம்தான். வருஷா வருஷம் உன் திதியன்று உன் படத்தைப் பார்த்து, "வண்டியப் பறக்க வுட்டுத் தானும் போயி, பின்னால உக்காந்திருந்த மனுசனையும் கொல்லப் பாத்தியேடா பாவி" என்று திட்டுவார். அதே கையால் எனக்கு வடையும் பாயசமும் பரிமாறுவார். நான் சாப்பிட்டேன். எப்படித்தான் உள்ளே இறங்கியதோ!

"இத யார்கிட்ட சொல்லணும்னு உங்களுக்குத் தோணுது?" என்று டாக்டரம்மா கேட்டார். சொல்லியே ஆகவேண்டும் என்று அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதற்கப்புறமும் எனக்கு மூணு மாசம் ஆயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை தேவியைக் கூட்டிக்கொண்டு குறிஞ்சிப்பாடி போனேன். உன் அம்மாவையும் அவளையும் உட்காரவைத்து, எதையும் மறைக்காமல் சொன்னேன். தேவி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

"கடைசியா எதுனா சொன்னானா?" என்று உன் அம்மா கேட்டார்.

"'உளுந்து கெடக்கு, மெதுவாப் போ மாப்ள'ன்னு சொன்னாரு அத்தை. நான்தான் கேக்கல."

"சொன்னானா? மெதுவாப் போன்னு சொன்னானா?" அத்தை எழுந்து உன் படத்துக்கிட்டே போனார். "அஞ்சு வருஷமா உன்ன வைஞ்சிக்கிட்டே இருந்தனேடா ராசா" என்று முந்தானையால் உன் முகத்தைத் துடைத்துத் துடைத்து அழுதார். உனக்காக அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

என்னை அவர் ஒன்றும் கேட்கவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. தேவி சோறு போடுகிறாள், பேச்சு இல்லை. பேசுவாளா, மாட்டாளா? எனக்குத் தெரியவில்லை. நேற்று பஸ்ஸில் அந்த இடம் வந்தபோது மட்டும் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். வெறும் ரோடுதான் கிடந்தது.

ஒன்று சொல்கிறேன் மச்சான், இது சத்தியம். வருகிற பங்குனியில் உன் திதிக்குப் பெரியப்பாவும் சொந்தக்காரர்களும் வந்து உட்கார்ந்ததும், படையலுக்கு முன்னால் நானே எழுந்து எல்லோரிடமும் இதைச் சொல்லுவேன். அதற்கப்புறம் எனக்கு இலை போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம். நீ வேகமாக ஓட்டிச் செத்தவன் என்று இனி ஒரு வாய் சொல்லக்கூடாது.

இப்படிக்கு,
அன்றைக்கு உன் பின்னால் உட்கார்ந்து வந்திருக்க வேண்டிய
உன் தங்கச்சி புருஷன்,
மாப்ள செல்வராசு