யன்னல் கட்டையின் பச்சைப் பூச்சு

1943 யூன் 7, திங்கள்

கச்சான் காற்று. விடிந்ததுமே முற்றம் சுடுகிறது. கொடியில் போட்ட துணி அப்பளம்போல.

பவளம் இன்றும் சோறு தொடவில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு முகம் இப்படி வெளிறுமா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிறாள். வெளிக்குப் போவதும் இல்லை. பூச்சி மருந்து இரண்டு தரம் கொடுத்தாயிற்று. பூச்சியும் இல்லை, சுகமும் இல்லை. மடியை விட்டு இறக்கினால் அழுகை.

பவளத்தின் அப்பாவுக்குத் துறைமுகத்தில் தச்சு வேலை. யுத்தக் கப்பல்கள் கூடியதில் அவருக்கு ஓய்வே இல்லை.

வாங்க: மண்ணெண்ணெய் (கிடைத்தால்), தேசிக்காய், பார்லி.

யூன் 9, புதன்

ஆஸ்பத்திரி. நல்ல சனக்கூட்டம். புது டொக்டர், இளம் ஆள். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு உதட்டை விரித்துப் பல் முரசைப் பார்த்தார். பல்லோரம் நீலக் கோடு, பென்சிலால் கீறினமாதிரி. நான் ஊத்தை என்று நினைத்திருந்தேன்.

வீடு பழையதோ என்று கேட்டார். ஒல்லாந்தர் காலத்துச் சுவர், கதவு யன்னலெல்லாம் பச்சைப் பூச்சு, உரிந்துபோய்க் கிடக்கிறது என்றேன்.

"பழைய பூச்சிலை ஈயம் இருக்கு, அம்மா. உடம்பிலை சேர்ந்தால் நஞ்சு. பிள்ளை எதை வாயிலை வைக்கிறா எண்டு கவனிச்சுப் பாருங்கோ."

மூளைக்கு ஏறினால் வலிப்பு வருமாம். இன்னும் ஏறவில்லையாம். அந்த 'இன்னும்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன்.

யூன் 10, வியாழன்

கண்டுபிடித்தேன். முன் யன்னலடி வாங்குப் பலகையில் ஏறிநின்று கப்பல் பார்ப்பாள். நல்ல விளையாட்டு என்று நானும் விட்டுவிடுவேன். இன்று பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கட்டையில் வாய். வரிசையாகப் பல் அடையாளம். பச்சை போய் வெறும் மரம் தெரிகிறது.

"என்ன பிள்ளை தின்னுறாய்?"

"இனிக்குது."

நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தேன். ஓம், இனிப்பு. உடனே துப்பினேன்.

வாங்கை இழுத்து அப்பால் போட்டேன். அவள் படுக்கும் பாயிலும் பச்சைத் தூள். ஈரத்துணியால் எல்லாம் துடைத்தேன். இனிப் படுக்கை குசினி அடுப்படிப் பக்கம், அங்கே பூச்சு இல்லை.

அவர் வேலை முடிந்து வந்ததும் உளியை எடுத்தார். சுரண்டினால் தூள் பறந்து மூச்சோடு போகும் என்று டொக்டர் சொன்னதைச் சொல்லி மறித்தேன்.

யூன் 11, வெள்ளி

வீட்டுச் சொந்தக்காரர் காசிம் நானாவிடம் சொல்வதா? பவளத்தின் அப்பா வேண்டாம் என்கிறார். வீட்டைப் பழி சொன்னால் நானா எங்களை எழும்பச் சொல்லிவிடுவார் என்று பயம். போன வருஷம் குண்டு விழுந்தபோது ஊரே வெறிச்சோடிக் கிடந்தது. இப்போது ஒரு அறைக்குப் பத்துப் பேர் அலைகிறார்கள்.

ஆனால் இதே வீட்டின் அடுத்த பாதியில் நசீமா குடியிருக்கிறாள். அவளுடைய குழந்தை எதையாவது பிடித்து எழும்பி நிற்கிற பருவம். அங்கேயும் அதே பச்சை. சொல்லாமல் இருக்க ஏலாது. அவர் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

யூன் 12, சனி

காசிம் நானா அக்கரையில் கிண்ணியாவிலிருந்து வந்தார். சொல்லிவிட்டேன். யன்னலையும் காட்டினேன். கதிரையில் இருந்தார். தேத்தண்ணி ஆறியது. எழும்பச் சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"என்ட தங்கச்சிட மகன் இந்த ஊட்டுலதான் வளந்தவன். கைகால் இழுப்பு வந்து மௌத்தாப் போனான். ஜின் தொட்டுட்டு எண்டு தண்ணி ஓதிக் குடுத்தம்."

எழுந்துபோய்ப் பல் அடையாளத்தில் விரலை வைத்தார்.

"அவனும் இதுலதான் நிப்பான், தங்கச்சி."

போகும்போது, இரண்டு பாதியிலும் பச்சைக் கதவு யன்னல் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்.

யூன் 13, ஞாயிறு

தண்ணீர் தெளித்துத் தெளித்து அவரும் காசிம் நானாவும் கழற்றினார்கள். பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு நானும் நசீமாவும் கடற்கரையில் இருந்தோம். புதுக் கதவு யன்னல்: சாமான் பெட்டிப் பலகை, பூச்சில்லாமல். அழகில்லை. எனக்குப் போதும்.

பழைய மரத்தை விறகுக்குக் கேட்டு முன்வீட்டுக்காரி வந்தாள். புகையும் நஞ்சு என்று சொல்லி மறுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். பின் வளவில் குழி வெட்டித் தாட்டாயிற்று.

யூன் 21, திங்கள்

பால் குடுக்கச் சொன்னார் டொக்டர். ஊரில் பால் எங்கே? காசிம் நானா தோணியில் கிண்ணியாவிலிருந்து அனுப்புகிறார். வேண்டாம் என்றால் கேட்கிறார் இல்லை.

பவளத்தின் முரசில் கோடு இன்னும் இருக்கிறது. போக நாளாகுமாம். வயிற்று நோ குறைவு. நசீமாவின் குழந்தையையும் காட்டினோம். ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று இருவரும் அழுதோம், பிறகு சிரித்தோம்.

முன்வீட்டுக்காரி வந்து தன் கதவையும் பார்க்கச் சொன்னாள். பச்சைதான்.

யூன் 30, புதன்

காற்று இல்லை, புழுக்கம். அவருக்கு அரைநாள் லீவு. விளமீன் குழம்பு, தேங்காய்ப்பால் சொதி.

பவளம் தன் சோற்றை முடித்துவிட்டாள். மீன் போதாது என்று சண்டை. அவருடைய சோற்றுக் கோப்பையில் கையைவிட்டு நடுத்துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். அவர் வெறும் சொதியோடு இருந்து சிரிக்கிறார்.