இரண்டு சாவிகள்

வெர்மான்ட், நவம்பர் 9

அன்பு மகளே,

நூலகத்தில் துப்பாக்கிப் பூட்டு இலவசமாகத் தருகிறார்கள் என்று தொலைபேசியில் சொன்னாயே, வாங்கிவிட்டேன். மூன்று முறை வாசல்வரை போய்த் திரும்பினேன். நான்காம் முறை உள்ளே போய் நூலகர் நோரீனிடம் மெல்லக் கேட்டேன். ஒன்றும் விசாரிக்காமல் எடுத்துத் தந்தாள்.

பழக்க தோஷத்தில், "எத்தனை நாளில் திருப்பித் தரணும்?" என்று கேட்டுவிட்டேன்.

"திருப்பித் தந்தீங்கன்னாதான் அபராதம், ஹார்லன்!" என்று சிரித்தாள். "வியாழக்கிழமை இங்க எல்லாரும் சேர்ந்து சூப் குடிக்கிறோம். வந்துடுங்க, வீட்லயே அடைஞ்சு கிடக்காதீங்க."

மான் வேட்டைத் துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுத்தேன். இரண்டு முறை சரிபார்த்து, பூட்டின் கம்பியைத் துப்பாக்கிக்குள் கோத்துப் பூட்டினேன். சரியாகச் செய்தேனா என்று சந்தேகம் வந்து இழுத்துப் பார்த்தேன். கழலவில்லை.

பேரன் வருவான், அதனால் பூட்டச் சொல்கிறேன் என்றாய். அவன் வருவது கோடையில்தானே? நீ யாருக்காகப் பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும், கண்ணு. உன் அம்மா போனபிறகு எனக்கும் என்னை நினைத்து அதே பயம்தான்.

பூட்டோடு இரண்டு சாவிகள் தந்தார்கள். இரண்டையும் இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். உன்னிடமே இருக்கட்டும்.

வியாழக்கிழமை சூப்புக்குப் போகிறேன்.

உன் அப்பா