பிரேக் போட்டதற்குக் குறைத்த மதிப்பெண்

அனுப்புநர்:
வாகன உரிமையாளரின் கணவர்,
தையல் கடை,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
காப்பீட்டு நிறுவனங்களின் மேற்பார்வை அலுவலகம்.

பொருள்: கார் காப்பீட்டுக் கட்டணத்தை முடிவு செய்யும்போது திடீர் பிரேக்கைத் தவறாகக் கணக்கிடுவதும், அதனால் ஒரு பெரியவர் உயிரிழந்ததும் குறித்து முறையிடுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. என் மனைவி செவிலியர். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளுக்குச் சென்று புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டு வருவது அவருடைய வேலை. ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போக வேண்டியிருப்பதால், பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்டிவந்தார்.

2. காப்பீட்டைப் புதுப்பிக்கச் சென்றபோது கட்டணம் ஏறியிருந்தது. விபத்து எதுவும் இல்லையே என்று கேட்டோம். வண்டியின் வயது, இரவில் அதை நிறுத்தும் தெரு, ஓட்டுபவரின் தொழில், ஓடும் தூரம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் விலை போடுகிறோம் என்றார் முகவர். "இதுல எதையும் உங்களால மாத்த முடியாதுங்க. நீங்க ஒழுங்கா ஓட்டுறீங்கன்னு காட்டினா மட்டும் குறைக்கலாம்" என்று சொல்லி, காரில் ஒரு சிறிய கருவியைப் பொருத்தினார். வேகம், திருப்பம், பிரேக் அனைத்தையும் அது கவனித்து, அன்றன்று மாலையில் கைப்பேசிக்கு மதிப்பெண் அனுப்பும். என் மனைவி அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தார். "என்ன பண்ணாலும் ஒரு குறை கண்டுபிடிக்குது" என்பார். அப்போது அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

3. ஒரு நாள் நின்றிருந்த வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குழந்தை தந்தையின் கையை உதறிவிட்டுச் சாலையில் ஓடிவந்தது. என் மனைவி பிரேக்கை ஓங்கி மிதித்தார். வண்டி நின்றது, குழந்தைக்குக் கீறல்கூட இல்லை. அதன் தந்தை ஓடிவந்து குழந்தையை அள்ளிக்கொண்டு, கார்க் கதவருகே வந்து கும்பிட்டாராம். அன்று மாலை மதிப்பெண் சரிந்து, 'ஆபத்தான ஓட்டம்' என்று சிவப்பில் வந்தது.

4. நிறுவனத்துக்குத் தொலைபேசியில் முறையிட்டோம். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், குறுக்க யார் வந்தாங்கன்னு சிஸ்டத்துக்குத் தெரியாது. அடிக்கடி வேகமா பிரேக் போடுறவங்கதான் அதிகமா மோதுறாங்கன்னு கணக்கு சொல்லுது." இன்னும் சில முறை இப்படி நடந்தால் அடுத்த ஆண்டு காப்பீடே தர இயலாமல் போகலாம் என்றும் சொன்னார். எழுத்திலும் புகார் கொடுத்தோம். புகார் எண் வந்தது, பதில் வரவில்லை.

5. காப்பீடு இல்லாமல் கார் இல்லை, கார் இல்லாமல் வேலை இல்லை. ஆகவே என் மனைவி தன் காலைப் பழக்கத் தொடங்கினார். நான் தைக்கும்போது அருகில் அமர்ந்து, இயந்திரத்தின் மிதியை நான் அழுத்தும் விதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். "இந்த மாதிரிதான் மெதுவா இறக்கணும், வெடுக்குன்னு கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். மதிப்பெண் ஏறியது. கட்டணம் குறையும் என்று செய்தியும் வந்தது.

6. அதன் பிறகு, மருந்துக் கடை வளைவில், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் நடைபாதையிலிருந்து சாலையில் இறங்கினார். என் மனைவி அவரைத் தெளிவாகப் பார்த்தார். கால் பழகியபடியே மெதுவாக இறங்கியது. போதாது என்று தெரிந்து அழுத்துவதற்குள் வண்டி அவர்மேல் மோதிவிட்டது. ஓடிப்போய் மடியில் கிடத்தி, தலையில் வழிந்த இரத்தத்தைத் தன் துப்பட்டாவால் கட்டியவரும் என் மனைவிதான். பெரியவர் மருத்துவமனையில் உயிர்விட்டார்.

7. நிறுவனம் கருவியின் பதிவைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தது. மோதுவதற்கு முன் வண்டியை நிறுத்த ஓட்டுநர் தக்க முயற்சி எடுத்ததாகத் தெரியவில்லை என்று அதனுடன் எழுதியும் கொடுத்திருக்கிறது. அம்மையீர், பிரேக் போட்டதற்குத் தண்டித்தவர்களும் இவர்களே. போடவில்லை என்று சாட்சி சொல்பவர்களும் இவர்களே. குழந்தையைக் காப்பாற்றிய நாளைப் பற்றியோ, எங்கள் புகாரைப் பற்றியோ அந்த அறிக்கையில் ஒரு வரி இல்லை.

8. பெரியவரின் மகள் காவல் நிலைய வராந்தாவில் என்னிடம் வந்தார். சண்டை போடவில்லை. "அவங்க பிரேக்கே போடலையாமே. ஏன்னு மட்டும் சொல்லுங்கண்ணா" என்றார். உங்கள் அப்பாவின் உயிருக்கு முன்னால் ஒரு மதிப்பெண் நின்றது என்று எந்த முகத்தோடு சொல்வேன்?

9. என் மனைவிமேல் பதிவான வழக்கில் எங்களுக்காக வாதாடும் வழக்கறிஞரும் இதைச் சொல்ல வேண்டாம் என்கிறார். கட்டணத்துக்காகத் தயங்கினார் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். உண்மையைச் சொன்னால் என் மனைவி பணத்தாசை பிடித்தவர். சொல்லாவிட்டால் கண்ணிருந்தும் பாராதவர். எது குறைந்த தண்டனை என்று எங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். என் மனைவியோ எதையும் தேர்ந்தெடுக்கும் நிலையில் இல்லை. வேலைக்குப் போவதில்லை. சாப்பிட அமர்ந்தாலும் அவருடைய வலது கால் தரையை ஓங்கி ஓங்கி மிதிக்கிறது. பிடித்து நிறுத்தினால், "காலு இப்போ மட்டும் வேகமா வருது பாருங்க" என்கிறார்.

எனவே, பிரேக் பிடித்ததற்கான காரணத்தைக் கேட்காமல் மதிப்பெண் குறைப்பதையும், அதை வைத்துக் கட்டணம் போடுவதையும் நிறுத்த ஆணையிடுமாறு வேண்டுகிறேன். எங்கள் புகாரையும், குழந்தை குறுக்கே வந்த நாளின் பதிவையும் நீதிமன்றத்தில் ஒப்படைக்க அந்த நிறுவனத்துக்கு உத்தரவிட வேண்டும். என் மனைவியை விடுவிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அதை அவரே ஏற்கமாட்டார். நாளை நீதிபதி முன் குற்றத்தை முழுவதுமாக ஒப்புக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டார். அதற்குள் இந்த மனு தங்கள் மேசைக்கு வந்து சேராது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். எங்களைப் போலவே கட்டணம் குறைய வேண்டுமென்று, இந்நேரம் யாரோ ஒருவர் மெதுவாக மிதிக்கப் பழகிக்கொண்டிருப்பார்.

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
தையற்காரர், செவிலியரின் கணவர்

இடம்: தையல் கடை
நாள்: விசாரணைக்கு முந்தைய நாள்