வாயால் சொன்ன உத்தரவு

அன்புத் தம்பி,

லாக்கப்பில் உனக்குப் போர்வை கொடுத்தார்களா என்று கிளப் வக்கீலிடம் கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

கட்சியில் பதினைந்து வருடம் நான் கற்றது ஒன்றுதான். உத்தரவை வாயால் சொல்ல வேண்டும், எழுதித் தரக் கூடாது. ஏதாவது நடந்தால் கீழே இருப்பவன் மாட்டுவான். அந்தச் சாமர்த்தியத்துக்காகத்தான் இந்தக் கால்பந்து கிளப் என்னைத் தலைமை நிர்வாகி ஆக்கியது. உன்னைக் கேட் காவலுக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான்.

மேட்ச் அன்று மைதானத்திலிருந்து போனில் கேட்டாய்: "அக்கா, உள்ள ஜனம் நசுங்குது. வடக்கு கேட்டைத் தொறந்துடவா?"

"டிக்கெட் இல்லாதவன்லாம் பூந்துடுவான்டா. அமைச்சர் வேற வந்திருக்கார். பூட்டியே வை."

"எழுதிக் குடுப்பியா?"

"அக்கா சொல்றேன்ல, போதாதா?"

"போதும்" என்று வைத்துவிட்டாய்.

செத்த பதினொரு பேரும் மலிவு டிக்கெட்காரர்கள். அமைச்சருக்குச் சட்டைகூடக் கசங்கவில்லை. 'காவலாளியின் கவனக்குறைவு' என்ற அறிக்கையை எழுதியது நான். நீயோ இன்னும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லையாம்.

இதை அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். வக்கீல் கண்ணில் பட்டால் கிழித்துவிடுவார். நாளை விசாரணையில் நீயே நீட்டு.

வடக்கு கேட்டைப் பூட்டி வைக்கச் சொன்னது நான். எழுதிக் கொடுத்துவிட்டேன்டா.

உன் அக்கா